புதுத் துண்டு

"போயும் போயும் சாக்கடை அள்ளுறவன் காலையா கழுவப் போறீங்க?" என்று கமிட்டியில் ஒருவர் எழுந்து கேட்டாராம்.

"ஆமா. ஆண்டவர் சீடர்கள் காலைக் கழுவினப்போ, யாருக்கு என்ன தொழில்னு விசாரிச்சுட்டா கழுவினார்?" என்றாராம் புதுப் போதகர்.

கேட்டவர் உட்கார்ந்துவிட்டாராம்.

புருஷன் இதை ஆடி ஆடிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"கேக்குதா உனக்கு? வருஷா வருஷம் சர்ச்சுல பன்னெண்டு பேர் காலைக் கழுவுவாங்க. பன்னெண்டு பேரும் கமிட்டிக்காரங்களும் அவங்க மச்சான்களும்தான். இந்த வருஷம் பன்னெண்டாவது நாற்காலி எனக்கு!"

"கேக்குது. காது நல்லாத்தான் இருக்கு."

"சந்தோஷமா ஒரு வார்த்தை வருதா பாரு. நல்லது யார் செஞ்சாலும் உனக்கு ஆகாது."

அவள் சர்ச் வாசலை மிதித்து வெகுகாலம் ஆகிறது. ஒரு திருவிருந்தின்போது திராட்சரசப் பாத்திரம் வரிசையாக வந்தது. ஒவ்வொருவரும் குடித்ததும் அப்போதிருந்த போதகர் விளிம்பை ஒரு துடை துடைத்து அடுத்தவருக்கு நீட்டினார். அவள் குடித்ததும் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்து நின்ற அம்மாள் போதும் என்று தலையாட்டும்வரை துடைத்தார்.

அன்றைக்கு வெளியே வந்தவள்தான்.

"அது பழைய போதகர்டி. இவர் வேற மாதிரி. பந்தயம் வச்சுக்குவோமா? இவர் என் காலைத் தொட்டுக் கழுவிட்டா, வர்ற ஞாயிறு நீ என்கூட சர்ச்சுக்கு வரணும்."

"முதல்ல கழுவட்டும். பார்க்கலாம்."

கால் கழுவும் வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. சோப்பு போட்டுக் காலைத் தேய்த்தான். கல்லை வைத்துத் தேய்த்தான். மறுபடி சோப்பு போட்டான்.

"நம்ம கல்யாணத்துக்கே நீ இப்படித் தேய்க்கலையே!"

"அன்னைக்கு எல்லாரும் உன் மூஞ்சியைப் பார்த்தாங்க. இன்னைக்கு என் காலைத்தானே பார்க்கப் போறாங்க!"

"இவ்வளவு கழுவிட்டுப் போற காலை மறுபடி கழுவ எதுக்கு ஒரு போதகர்?"

"உன் வாயைக் கழுவத்தான் ஆள் வேணும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

திரும்பி வந்தபோது அவன் கால் தரையில் பாவவில்லை.

"தொட்டார்டி! ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கழுவினார். கழுவிட்டுக் குனிஞ்சு முத்தம் வேற! அத்தனை பேரும் அழுதுட்டாங்க. போட்டோ சரியா விழலைன்னு இன்னொரு முத்தமும் கொடுத்தார்!"

அவளுக்கே கொஞ்சம் நெஞ்சு இளகிற்று.

"இன்னொண்ணு கேளு. மத்த பதினோரு பேருக்கும் இடுப்புல கட்டியிருந்த துண்டாலதான் துடைச்சார். என்கிட்ட வந்ததும் அதை அவிழ்த்து வச்சிட்டு, மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒண்ணு எடுத்தார். நீலக்கரை போட்டது. எனக்கு மட்டும்!"

"உனக்கு மட்டுமா?"

"எனக்கு மட்டும்!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

கோளாறு தன்னிடம்தானோ? பட்ட சூட்டில், நல்லவரைக் கண்டாலும் நம்ப முடியாதபடி மனசு கருகிப்போயிற்றோ? தன்னையே திட்டிக்கொண்டு, பெட்டிக்குள் கிடந்த நல்ல சேலையை எடுத்து வெயிலில் உதறிப் போட்டாள்.

சனிக்கிழமை காலை போதகர் வீட்டிலிருந்து போன். குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை, பின்பக்கச் சாக்கடைத் தொட்டி அடைத்துக்கொண்டுவிட்டது, உடனே வர வேண்டும்.

எப்போதும்போல் இரண்டு பேரும் போனார்கள். அவன் மூடியைக் கிளப்பி, குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டான். அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கில் கைக்குட்டையோடு பின்வாசல் படியில் போதகர் நின்றார்.

"நாளைக்கு ஆராதனைக்கு வர்றீங்களாமே சகோதரி? உங்க வீட்டுக்காரர் சொன்னார். ரொம்ப சந்தோஷம். கர்த்தருடைய வீட்டில எல்லாரும் ஒண்ணுதான்."

"வர்றேங்கய்யா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

துழாவிக்கொண்டிருந்த அவன் கை சட்டென்று நின்றது.

"என்னய்யா, அகப்பட்டுச்சா?" என்று அவள் கேட்டாள்.

வாளியோடு அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"என்ன அடைச்சிருக்கு?"

"மண்ணு" என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. "வெறும் மண்ணு. வாளியை வச்சிட்டு நீ அந்தப் பக்கம் போ."

அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியாதா? நகரவில்லை. அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி வாளியில் போட்டாள். குழாயடிக்குக் கொண்டுபோய் அலசினாள். கறுப்பு போகப் போக வெள்ளை தெரிந்தது. வெள்ளை முடிந்த இடத்தில் நீலக்கரை தெரிந்தது.

குப்பையில் போட்டால் நாலு பேர் கண்ணில் படும். சாக்கடைக்குள் எவன் எட்டிப் பார்க்கப் போகிறான் என்று போதகர் நினைத்திருப்பார். அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்பது மட்டும் நினைப்பில் இல்லை.

அவன் எழுந்திருக்கவே இல்லை. தொட்டிக்குள் பார்த்தபடி அப்படியே கிடந்தான்.

அவள் துண்டைப் பிழிந்தாள். உதறினாள். மடிப்புப் பிசகாமல் மடித்தாள். படியேறிப் போய்ப் போதகர் முன்னால் நீட்டினாள். அவர் கை நீளவில்லை.

"சொன்ன சொல் சொன்னதுதாங்கய்யா, நாளைக்கு வர்றேன்" என்றாள். "அடுத்த வருஷம் என் காலையும் கழுவுங்க. எனக்குன்னு புதுசு எடுக்க வேண்டாம். இதே போதும்."