வோல்வோவுக்காக அழுத அகதா

புந்தோங்கில் வீட்டு வாசலில் உறை போட்டுக் கிடந்த பழைய வோல்வோ காரை விற்றுவிடுவதென்று யேசுதாசன் ஒருவழியாக முடிவெடுத்தார். ஆசை ஆசையாய்த் துடைப்பதோடு சரி, கிறிஸ்மஸுக்கும் கல்யாணங்காட்சிக்கும்தான் அதை வெளியே எடுப்பார்.

சித்தியவானிலிருந்து வந்தவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் அருமையா இருக்கு அண்ணே. எடுத்துக்கிறேன்" என்றான்.

மனைவி அகதா விசும்ப ஆரம்பித்துவிட்டாள். "நம்ம கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுக்கு இதுலதானே போனோம்? விக்க வேணாம்லா!"

யேசுதாசன் உருகிப்போனார். தன்னைவிட இவளுக்கல்லவா காரின் மேல் பாசம்! வந்தவனைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, காருக்குப் பின்னால் குனிந்து உறையை மாட்டினார்.

அவர் அங்கிருப்பது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பமேலா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு அண்ணன் வேலைக்குப் போனதும் லுமுட் கடற்கரைக்குப் போலாமா? போன வாரம் மாதிரி ரொம்ப வேகமா ஓட்டாதீங்க, எனக்கு வயித்தைக் கலக்குது!"

யேசுதாசன் மெல்ல நிமிர்ந்தார். பமேலாவின் தலை மறைந்துவிட்டது.

"கார் ஓட்டவே பயம்னு சொன்னியே?"

அகதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துல உக்காந்தாத்தாங்க பயம்."