திருப்பிப் போட்ட கட்டில்

கடலோர மாளிகைக்கு வரும் நடிகைகள் எல்லோரும் சமையல்காரி ஐசில்டாவைத்தான் புகழ்வார்கள். அவளுக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு வயிறு எரியும். அவள் செத்த ஒன்பதாம் இரவு, எங்கள் ஜமைக்கா வழக்கப்படி அவள் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஆவி வந்தால், தன் அறை இதுவல்ல என்று போய்விடும். சமையலறையையும் நானே தலைகீழாக மாற்றி வைத்தேன்.

இன்று காலை நான் சமைத்த உப்புமீனைச் சாப்பிட்டபடி ஒரு நடிகை சொன்னாள்: “ஐசில்டா, உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது!”

“செத்தவளா வந்து சமைச்சா மேடம்? நான்தான்!” என்றேன்.

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள். “இன்னும் கொஞ்சம் போடும்மா.”

ஆத்திரத்தோடு என் அறைக்குப் போனேன்.

என் கட்டிலை யாரோ திருப்பிப் போட்டிருந்தார்கள்.