பக்கத்துக் கோடு

அந்தக் கோடு இல்லை.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை மறுபடி பார்த்தாள். கருப்புப் பின்னணியில் > என்று கூர்முனை மட்டும் நின்றது. பக்கத்தில் தரையோடு கிடக்க வேண்டிய சின்னக் கோடு இல்லவே இல்லை.

நூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டு இதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அவள் கணவர் சிவசைலம் வரைந்த லோகோ அது. சுட்டியைச் சொடுக்கிச் சொடுக்கி அலுத்தவர்கள் மறுபடி கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் திரும்பி வருகிறார்களே, அவர்களுக்காக அவரும் நண்பர்களும் ஒரு செயலி எழுதினார்கள். தமிழிலேயே கட்டளையிடலாம். அதற்கான லோகோவைப் பொதுவில் வைத்தார்கள். யாரும் வரையலாம். யார் வரைந்ததையும் யாரும் திருத்தலாம். ஆனால் என்ன மாற்றினாலும், ஏன் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கணினி ஏற்காது.

அவர் வைத்த நிபந்தனைதான்.

வரைந்த அன்று கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தக் கூரு நீ. பக்கத்துல கெடக்க கோடு நான்."

"ஆமா, கெடக்கத்தான செய்தீய" என்றாள்.

அவர் போய் நாலு மாதம் ஆகிறது.

குழுவைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டோவிடமிருந்து செய்தி வந்தது. "மதினி, அஞ்சு மணிக்கு முடிவு சொல்லிருவோம். ஆட்சேபணை இருந்தா அதுக்கு முன்னால போட்டுருங்க."

ஆட்சேபணையா! ஆள் போன ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் துடைத்துப் போட்டுவிட்டார்களே. எந்தப் பாவி எடுத்தது?

மணி நாலு நாற்பது.

அவருடைய கணினியின் முன் போய் உட்கார்ந்தாள். யார் எதை மாற்றினார்கள் என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. சொல்லிக்கொடுத்திருந்தார், மறந்துவிட்டது. மேல் அம்புக்குறியை அழுத்தினாள். முன்பு தட்டியவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

எல்லாம் அவர் தட்டியவை. அவசரத்தில் விட்ட எழுத்துப் பிழைகள்கூட அப்படியே.

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். பார்த்து, யாரும் இல்லாமல் போய்விட்டால்?

ஆறாவது அழுத்தலில் அவள் தேடிய கட்டளை வந்தது. என்டரைத் தட்டினாள்.

கோட்டை நீக்கியவர்: சிவசைலம்.

தேதி, அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள். நேரம், காலை ஏழு ஐம்பது.

அன்று வாசலில் ஆட்டோ நின்றது. "ஒரு நிமிசம் இரு" என்று அவர் உள்ளே திரும்பிப் போனார். "இப்பவும் அந்தப் பொட்டிதானா?" என்று அவள் கத்தினாள்.

அந்த ஒரு நிமிடம் இதற்குத்தான்.

காரணமும் எழுதியிருந்தார்.

"இது இல்லாமலும் நிற்கும்."

மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஆட்டோவில் ஏறி, சாயங்காலம் மழை வரும், மாடியில் துணி கிடக்கிறது என்று பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. நிற்குமா நிற்காதா என்று நிற்கிறவளிடம் அல்லவா கேட்க வேண்டும்!

நீக்கியதைத் திருப்பிக் கொண்டுவரும் கட்டளை அவளுக்குத் தெரியும். தட்டினாள். கணினி காரணம் கேட்டது.

நிற்காது, என்று எழுதி அனுப்பினாள்.

கோடு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது.

பதிவின் கடைசி வரியைப் படித்தாள்.

"நிற்காது. - சிவசைலம்."

அவருடைய கணினிக்கு அவர் ஒருவரைத்தான் தெரியும். யார் தட்டினாலும் அவர் பெயரைத்தான் போடும். தன் பெயருக்கு மாறிக்கொள்ள அவள் மறந்துபோனாள்.

குழுவில் பிரிட்டோ எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தான்.

பெயரைத் திருத்த இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அவள் திருத்தவில்லை. அவர் பெயரில் நின்ற இரண்டு வரிகளையும் ஒருமுறை சேர்த்துப் படித்தாள்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீயளே" என்றாள், திரையைப் பார்த்து.