பெல்ட் காத்த வினாயகமூர்த்தி

வினாயகமூர்த்தி யாரையும் நம்ப மாட்டார். தன்னாமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தன் கடைத் தராசுத் தட்டின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆகவே உலகத்தில் வேறெந்தத் தட்டையும் அவர் நம்பியதில்லை. பெற்றோல் செட்டில் மீற்றரின் பூச்சியத்தைக் குனிந்து பார்த்த பிறகுதான் டாங்கி மூடியைத் திறப்பார். மீன்காரனின் பெட்டியில் கிடக்கிற அத்தனை மீனும் அவருக்குச் செவுளைத் திறந்து காட்டியாக வேண்டும்.

அப்படிப்பட்டவருடைய ஸ்கூட்டருக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. கல்லடிப் பாலத்தில் ஏறினால் குளிர் காய்ச்சல்காரன் மாதிரி உதறியது. சில்லைச் சுற்றவைக்கிற பெல்ட் தேய்ந்த தூள் எஞ்சின் கவருக்குள் அடைத்துவிட்டது, கழற்றித் துப்பரவாக்கினால் சரி என்றார்கள்.

கழற்றுவதில்தான் அவருக்குப் பயம். அடுத்த வீட்டு இராசதுரை எங்கேயோ ஒரு கராஜில் தூள் தட்டக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அவருடைய நல்ல பெல்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெடித்த பெல்ட் ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். வினாயகமூர்த்தியுடையதோ ஒரு வெடிப்பும் இல்லாத அசல் கம்பனி பெல்ட். அதைப் பறிகொடுத்துவிட்டு ஊருக்குள் முகம் காட்ட முடியாது.

ஏறாவூரில் மஜீட் நானாவின் கராஜ் நல்லதென்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை பகல் புறப்பட்டார். ஜும்மாத் தொழுகை நேரம். கடைகள் பூட்டு, வீதியில் சனமில்லை. நானா பள்ளியால் வந்து கராஜைத் திறக்கும்போது முதல் ஆளாக நின்று, வேலையைக் கண் இமைக்காமல் பார்க்கலாம் என்பது திட்டம்.

போனால், ஷட்டர் பாதி உயர்ந்திருந்தது. உள்ளே கிரிக்கெட் தொப்பியும் வாய்க்கு மாஸ்க்கும் போட்ட ஒரு பொடியன் ஸ்பானர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். யார் என்று கேட்டதற்கு, பெயர் ரதீஸ் என்றான். இன்றைக்குத்தான் வந்தானாம். நானா பள்ளிக்குப் போயிருக்கிறாராம். தொழுகை முடிய மறுகா வாங்க என்றான்.

"மறுகா என்ன மறுகா? நீ கழட்டு தம்பி, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

ரதீஸ் வீதியைப் பார்த்தான். பிறகு கழற்றினான்.

கவருக்குள் அடுப்படிக் கரி மாதிரி தூள் அப்பிக் கிடந்தது. பெல்டை வெளியே எடுத்ததும், வினாயகமூர்த்தி சட்டைப் பையிலிருந்து மகள் தக்ஷாயினியின் நகப்பூச்சுப் போத்தலை எடுத்தார். பெல்டின் முதுகில் சிவப்பாக ஒரு 'வி' போட்டு, ஊதிக் காயவைத்தார்.

"இதென்னத்துக்கு அண்ணன்?"

"என்னத்துக்கெண்டு உனக்குத் தெரியும்."

பொடியனுக்கு வியர்த்தது. அந்த வியர்வை வினாயகமூர்த்திக்கு மிகவும் பிடித்திருந்தது. காற்றடித்து மூடிவிடுகிறேன் என்று அவன் அவசரப்பட்டபோது விடவில்லை. முதலில் தும்புப் பிரஷ்ஷால் தட்டவைத்தார், பிறகு கம்ப்ரஸரால் ஊதவைத்தார், பிறகு காய்ந்த துணியால் மூலைமூலையாகத் துடைக்கவைத்தார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாத மெக்கானிக்கை வினாயகமூர்த்தி ஆயுளில் கண்டதில்லை. சரி, இவன் கள்ளன்தான் என்று முடிவு கட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன லொறி பின்பக்கத்தைக் காட்டியபடி வாசலில் வந்து நின்றது. அதன் ட்ரைவரும் மாஸ்க்.

கம்ப்ரஸர் மோட்டர் கல்லடிக்குத் திருத்தப் போகிறது, நானா ஏற்றிவிடச் சொன்னார் என்றான் ரதீஸ்.

"பாரம் அண்ணன். ஒரு கை பிடிச்சு விடுவீங்களா?"

வினாயகமூர்த்தி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். தன் இரண்டு கையும் கம்ப்ரஸரில் இருக்கும், பெல்ட் மேசையில் அனாதையாகக் கிடக்கும், ட்ரைவர் மாற்றிவிடுவான். என்ன ஒரு ஏற்பாடு. அவர் நிதானமாகப் பெல்டை எடுத்தார், மாலை மாதிரிக் கழுத்தில் போட்டுக்கொண்டார், பிறகுதான் கம்ப்ரஸரின் மறுபக்கத்தைத் தூக்கினார். "மெல்ல, மெல்ல, வால்வு அடிபடும்" என்று அவர்களுக்குப் புத்தியும் சொன்னார்.

அதன் பின்னால் வெல்டிங் செட் போனது. பற்றரி சார்ஜர் போனது. ஸ்பானர் பெட்டிகள் போயின. எல்லாவற்றுக்கும் கை கொடுத்தார். பெல்ட் கழுத்தில் இருக்கும்வரை எதைத் தூக்கவும் அவர் தயாராக இருந்தார்.

கடைசியில் 'வி'யைச் சரிபார்த்து, தன் கண் முன்னாலேயே பெல்டை மாட்டவைத்து, கவரை மூடவைத்தார். கூலியை நானாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ரதீஸ் லொறியில் பாய்ந்து ஏறினான். திறந்த கராஜை விட்டுப் போக மனமில்லாமல், வினாயகமூர்த்தியே ஷட்டரை இழுத்து விட்டார்.

ஸ்கூட்டர் பூப்போல ஓடியது.

பொழுதுபட அவர் மனைவி அன்னப்பூரணியிடம் இந்தக் கதையை மூன்றாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது, மஜீட் நானா ஒரு பொலிஸ் சார்ஜனுடன் வாசலுக்கு வந்தார். சார்ஜன் முதலில் ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்தார், பிறகு வினாயகமூர்த்தியைப் பார்த்தார்.

கூலி கேட்க வருவதற்குப் பொலிசுமா என்று அவருக்கு எரிச்சல். முந்திக்கொண்டார்.

"நானா, உங்கட பொடியன் வேலைகாரன்தான். ஆனா அவன்ட கைமேல ஒரு கண் வெச்சுக்கொள்ளுங்க. என்னட்டப் பலிக்கல்ல, மற்றாக்கள் பாவம்."

எதிர்க் கடைக் கமராவில் பதிந்ததைச் சார்ஜன் தன் போனில் ஓடவிட்டு நீட்டினார்.

வேலைக்கென்று ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளாத மஜீட் நானாவின் கராஜைப் பட்டப்பகலில் வழித்துத் துடைத்துக்கொண்டு போன மூன்று கள்ளரில், முகத்தை மூட மறந்தவர் ஒருவர்தான்.