காலிக் கட்டம்

"அக்கா, சார் நல்லா இருக்காரா?" பறவைச் சங்கச் செயலாளர் போனில் தயங்கினார்.

"இருக்காரே! விடிஞ்சதும் பைனாகுலரோட மாடிக்குப் போயிட்டார். ஏன் கேக்கறீங்க?"

"குளிர்காலப் பறவை லிஸ்ட் வந்துது. பதினோரு பறவையும் 'குரல் கேட்டது' கட்டத்துல இருக்கு. 'கண்ணால் பார்த்தது' கட்டம் காலி. இருபது வருஷத்துல சார் இப்படி அனுப்பினதே இல்ல."

கணவர் சொல்லச் சொல்ல அந்த லிஸ்டை எழுதியவள் அவள்தான். கை வலிக்கிறது என்றிருந்தார்.

மாடி ஏறினாள். கணவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?"

"எல்லாமே பளிச்சுன்னு தெரியுது."

பைனாகுலரின் முன்பக்க மூடிகள் இரண்டும் கழற்றப்படாமலே இருந்தன.

"என்கிட்ட பொய் சொல்லலாம், லிஸ்ட்ல மட்டும் சொல்லக் கூடாதோ?"

அவர் கை தாழ்ந்தது.

அவள் பைனாகுலரை வாங்கி, மூடிகளைக் கழற்றித் தன் கண்ணில் வைத்தாள். "தண்ணித்தொட்டி மேல ஒண்ணு உக்காந்திருக்கு. வயிறு மஞ்சள். வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு."

"வாலாட்டி. வந்துடுச்சா? எந்தக் கட்டத்துல எழுதுவே?"

"பார்த்ததுலதான். நாமதான் பார்த்துட்டோமே."