சும்மா கிடந்த கை

வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கையை டாக்டரம்மாவின் மேசைமேல் நீட்டினாள்.

இந்தத் தடவை கையில் தைலம் இல்லை.

போன தடவை இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் மாமியார் வலியப் பிடித்து, முழங்கை வரை தேய்த்துவிட்டாள். பரிவா, வேறு ஏதாவதா, அது அவளுக்குத்தான் வெளிச்சம். அந்தப் பிசுக்கில், நரம்பைச் சோதிக்கும் மெஷினின் ஒட்டுவில்லை ஒன்றுகூட ஒட்டவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் வழுக்கியது. எண்ணெய், தைலம், கிரீம் எதுவும் தடவாமல் இன்னொரு நாள் வரச் சொல்லி டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

தெருவுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மெஷினே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாம்.

வேலைக் கள்ளிக்குப் பிள்ளைச் சாக்கு என்பார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இவளுக்குக் கை சாக்கு. மாமியாரின் அன்றாடப் பாட்டு அதுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொதிக்கிற சோற்றுப் பானை கையிலிருந்து நழுவிய அன்று கணவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இன்று காலையும் தைலக் குப்பி வந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் வேண்டாமென்று சொன்ன முதல் காரியம் அது.

மாமியாரும் கணவனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதோடு சரி, இனி ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது என்ற பேச்சோடு வந்தவர்கள்.

இந்தத் தடவை வில்லைகள் ஒட்டிக்கொண்டன. மணிக்கட்டில் ஷாக்.

கட்டைவிரல் தானாகத் துள்ளியது. பிறகு முழங்கை மடிப்பில். சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்தது ஊசி. அதில் மருந்து கிடையாது. தசைக்குள் நடப்பதை மெஷினில் சத்தமாகக் கேட்பதற்கு மட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். இல்லை.

“தாங்கலைன்னா சொல்லுங்கம்மா, நிறுத்திருவேன்.”

நிறுத்துவதா? இதற்காகத்தானே இவ்வளவு நாளாக மல்லுக்கு நின்றாள்.

கட்டைவிரலுக்குக் கீழே இருந்த மேட்டில் ஊசி இறங்கியது. அது இப்போது மேடாக இல்லை. எப்போதோ வற்றிப் பள்ளமாகிவிட்டது. வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கையைத் தளர விடச் சொன்னார். நல்ல தசை சும்மா இருக்கும்போது மெஷின் வாயைத் திறக்காது என்றும் சொன்னார்.

கையைத் தளர விட்டாள்.

மெஷின் வாயைத் திறந்தது.

பட். பட். பட். தகரக் கூரையில் தூறல் விழுவது போல.

அவள் விரல்நுனியைக்கூட அசைக்கவில்லை. சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்தாள். நிற்கவில்லை. டாக்டர் ஊசியைச் சற்று இடம் மாற்றினார். அங்கேயும் தூறல்.

நரம்பு நன்றாக நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வரைக்கும் போகலாம் என்றார்.

அவளுக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

“இந்தச் சத்தத்த யாராச்சும் வேணும்னே வரவழைக்க முடியுமா மேடம்?”

“யாராலயும் முடியாதும்மா.”

கண் நிறைந்துவிட்டது. பயம் இருந்தது. ஆபரேஷன் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்தின் தோளில் ஒரு சந்தோஷம் ஏறி உட்கார்ந்திருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

முடிந்துவிட்டது என்று டாக்டர் ஊசியை எடுக்கப் போனார்.

“கொஞ்சம் இருங்க மேடம்.”

அவள் கதவைப் பார்த்தாள். அதற்கு அப்பால்தான் அந்தப் பெஞ்சு.

“நர்ஸம்மாவ அந்தக் கதவத் தெறக்கச் சொல்லுங்க. சத்தத்தையும் கூட்டி வைங்க.”

டாக்டர் ஊசியை அப்படியே விட்டு, நர்ஸிடம் கதவைக் காட்டினார். பிறகு எட்டி, மெஷினின் சத்தக் குமிழைத் திருகினார்.

கை சும்மாவே கிடந்தது.