கிரேக்கக் கிழவரின் மூன்று ஓட்டைகள்

ஒரு நூலகத்தில், அச்சு யந்திரம் புதுசாயிருந்த காலத்துக் கிரேக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பாதி மட்டும்தான். மறு பாதியை எவனோ பிய்த்து விற்று முந்நூறு வருஷமாகிறது. அதே அலமாரியில் குடியிருந்த புத்தகம் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு அந்தப் புத்தகக் கிழவர்மேல் கொள்ளை மரியாதை.

"இந்தக் கறை என்ன, பெரியவரே?"

"வெனிஸில் ஒரு பாதிரியார் கை தவறிக் கொட்டிய திராட்சை ரசம்."

"இந்தப் பெயர்?"

"என்னைத் துணி மூட்டையில் ஒளித்துக் கடல் தாண்டிய வைத்தியர்."

"இந்த மூன்று ஓட்டைகள்?"

"உன் முப்பாட்டன் வேலை."

பூச்சி கூனிக் குறுகிப் போயிற்று.

"கறை, கிறுக்கல், ஓட்டை! நானாயிருந்தால் வெளியே தலை காட்டமாட்டேன்" என்றது பக்கத்திலிருந்த அகராதி. வந்து பத்து வருஷமாகியும் அதை யாரும் பிரித்ததில்லை.

ஒருநாள் நூலகர், அட்டையும் பெயரும் இல்லாத ஒரு கிரேக்கத் தாள்கட்டோடு வந்தார். அது யாருடையது, எங்கிருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிழவரின் கடைசித் தாளையும் கட்டின் முதல் தாளையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். ஓட்டையோடு ஓட்டை பொருந்தி, மூன்றின் வழியாகவும் வெயில் வந்தது.

"அதேதான்! அந்த மறு பாதியேதான்!" என்று நூலகர் கத்தியேவிட்டார்.

கிழவரின் தாள்கள் படபடத்தன.

மாலையில் அகராதி பூச்சியை மெல்லக் கூப்பிட்டது: "தம்பி, பசிக்குதா? என்கிட்ட வாயேன்."